சாப்பாட்டுக் கடை: கேளுங்கள், சொல்கிறோம்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்தும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் இம்மாதம் வந்த கேள்விகளில் பெரும்பகுதி உள்ளூர்ச் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றியது. குறை சொல்லப்பட்ட கடைகளின் பெயர்களை எடுத்துவிட்டோம். ஒரு கடையில் நடக்கும் தவறு அடுத்த கடையிலும் நடக்கக்கூடியது. அதனால் காரணத்தைத்தான் விரிவாக எழுதியிருக்கிறோம்.

புதிதாகத் திறந்த வாழையிலைக் கடையில் முப்பது வகைக் கறி அடுக்கியிருக்கிறார்கள். பார்க்கவே கண் நிறைகிறது. வீட்டில் ஆறு பேரை அழைத்துப் போகுமுன் கடை தேறுமா என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?
— இல்லத்தரசி, எல்பில் தோட்டம்

உண்டு அம்மா. முதல் தடவை தனியாகவோ இரண்டு பேராகவோ, வாரநாளில் மதியம் 12.15 வாக்கில் போங்கள். கறி எதுவும் எடுக்காமல் வெறும் சைவ இலை போடச் சொல்லுங்கள். சோறு, பருப்பு, ரசம், ஒரு பொரியல், இந்த நான்கும் கடையின் கைப்பக்குவத்தைக் காட்டிவிடும். இறைச்சியில் உள்ள குறையை மசாலா மூடிவிடும். ரசத்தில் எதையும் மூட முடியாது.

ரசம் நுரை கட்டிப் பொங்கி வரும்போது இறக்கப்பட வேண்டும். அடுப்பிலேயே மணிக்கணக்கில் கொதித்த ரசத்தில் மிளகு, சீரக வாசம் ஆவியோடு போய்விடும், காரமும் புளிப்பும் மட்டும் நிற்கும். குடித்தால் தொண்டை எரியும், மூக்குக்கு ஒன்றும் எட்டாது. பொடியைக் கரைத்துச் செய்த ரசம் என்றால் உப்பும் பெருங்காயமும் நாக்கில் வெகுநேரம் தங்கும். தட்டிப்போட்ட பூண்டோ தக்காளித் தோலோ கண்ணில் படாது.

பருப்பை இலையில் ஊற்றியதும் கவனியுங்கள். பருப்பு ஓரிடத்தில் தங்கி, தண்ணீர் மட்டும் பிரிந்து ஓடினால் கூட்டம் வந்த பிறகு சுடுநீர் விட்டு நீட்டியிருக்கிறார்கள். முட்டைக்கோஸ் பொரியல் சாம்பல் நிறத்தில், மூடிவைத்த வாடையோடு இருந்தால் காலை எட்டு மணிக்கே ஆக்கி மூடியது. சோற்றில் கட்டியும் பொலபொலப்பும் கலந்து வந்தால் பழைய சோறு புதுச் சோற்றோடு சேர்ந்திருக்கிறது. அந்த இலையை அப்படியே மூடிவிட்டு எழுந்து வரலாம், தவறில்லை.

இப்போது அந்த முப்பது கறிக்கு வருவோம். ஒரு மதியத்துக்கு எண்பது பேர் வரும் கடை என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு இரண்டு கறி எடுத்தாலும் மொத்தம் 160 பங்கு. முப்பது தட்டுக்குப் பிரித்தால் தட்டுக்கு ஐந்து பங்குதான் போகும். மிச்சம் எங்கே போகிறது? இரவுக்குப் போகிறது, சில கடைகளில் மறுநாளுக்கும் போகிறது. எட்டுக் கறி மட்டும் வைத்து இரண்டு மணிக்குத் தட்டைக் காலி செய்யும் கடையே எங்கள் கணக்கில் நல்ல கடை.

சமைத்த கறி 60 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக நிற்க வேண்டும். தட்டுக்கு அடியில் கொதிநீர்த் தொட்டி இருந்தால் அது முடியும். மேலே மஞ்சள் விளக்கு மட்டும் தொங்கினால் கறி பளபளக்கும், சூடு நிற்காது. ஆட்டுக்கறித் தட்டின் ஓரத்தில் கொழுப்பு வெள்ளையாக உறைந்திருக்கிறதா என்று பாருங்கள். உறைந்திருந்தால் அது ஆறி வெகுநேரம் ஆயிற்று. கறியை எடுத்துப் போடுகிறவரிடம் "இது எப்போ ஆக்கினது?" என்று கேட்கத் தயங்க வேண்டாம். நேரத்தை உடனே சொல்லும் கடையை நம்பலாம்.

இத்தனையும் தேறினால் அடுத்த வாரம் குடும்பத்தோடு போங்கள்.

பட்டணத்தில் இரண்டு கடைகளில் தோசை சாப்பிடுகிறோம். ஒன்றில் பொன்னிறமாக, லேசான புளிப்போடு வருகிறது. மற்றதில் வெளிறிப்போய், ஆறினால் ரப்பர் மாதிரி இழுக்கிறது. மாவு ஒன்றுதானே, ஏன் இந்த வித்தியாசம்?
— தமிழ்ப்பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட்

மாவு ஒன்றாக இருக்காது டீச்சர். நல்ல தோசை மாவு என்பது நான்கு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து, கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி வெந்தயம். நான்கிலிருந்து ஆறு மணி நேரம் ஊறவைத்து, உளுந்தைத் தனியாகக் குளிர்ந்த நீர் தெளித்துத் தெளித்து ஆட்டி, உப்பு சேர்த்துக் கையால் கலந்துவைத்தால் நம் ஊர் இரவுச் சூட்டுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத்தில் பொங்கிவிடும். மழை விடாமல் பெய்யும் நாட்களில் இன்னும் இரண்டு மணி நேரம் கூடும்.

ஆறியதும் இழுக்கும் தோசையில் கோதுமை மாவு கலந்திருக்கலாம். மாவு தீர்ந்துபோகிற நேரத்தில் மைதாவைக் கரைத்து ஊற்றி நீட்டுவார்கள். அரிசி மாவை ஊற்றியிருந்தால் இழுக்காது, மடிக்கும் இடத்தில் விரிசல் விட்டு உடையும். வெளிறிய நிறத்துக்கு இரண்டு காரணம்: மாவு புளிக்கவில்லை, அல்லது கல் சூடாகவில்லை. புளிக்கும்போதுதான் மாவில் சர்க்கரைச் சத்து வெளிப்படும், அதுதான் கல்லில் சிவக்கிறது. கல்லின் சூட்டை நீங்களே பார்த்துச் சொல்லலாம். தண்ணீர் தெளித்தால் துளிகள் உருண்டோடி மறைய வேண்டும். தெளித்த இடத்திலேயே தேங்கிக் கொதித்தால் கல்லில் சூடு போதாது. கூட்ட நேரத்தில் இடைவிடாமல் ஆறேழு தோசை ஊற்றினால் நல்ல கல்லும் சூடு இறங்கிவிடும். நிதானமான தோசைக்காரர் இடையில் ஒரு நிமிடம் காத்திருப்பார். அந்த ஒரு நிமிடத்துக்கு அவரை அவசரப்படுத்தாதீர்கள்.

இரவு பத்து மணித் தோசையைப் பற்றி ஒரு சொல். முந்திய இரவு ஆட்டிய மாவு வெளியிலேயே இருந்தால் அந்நேரத்துக்குள் கடுமையாகப் புளித்திருக்க வேண்டும். புளிப்பே இல்லையென்றால் ஒன்று மாவு குளிர்பெட்டியில் இருந்திருக்கிறது, அது நல்லது. இல்லையென்றால் புளிப்பை முறிக்க ஆப்பசோடா போட்டிருக்கிறார்கள். சோடா கூடினால் கடைசி வாயில் சவர்க்காரம் மாதிரி ஒரு சுவை தட்டும்.

தேங்காய்ச் சட்னியை மறந்துவிட வேண்டாம். காலையில் அரைத்தது மதியத்துக்கு ஆகாது. மேலே தண்ணீர் பிரிந்து, தொட்டால் நூல் விட்டால் சாம்பார் மட்டும் போதும் என்று சொல்லிவிடுங்கள்.

சுறா புட்டு வாங்கினேன். மூக்கைத் துளைக்கும் நெடி. "மசாலா வாசம்தான் அண்ணே" என்றார்கள். உண்மையா?
— லாரி ஓட்டுநர், லாசா சாலை

இல்லை. சுறா, திருக்கை இரண்டின் தசையிலும் யூரியா உண்டு. மீன் செத்த பிறகு கிருமிகள் அதை அமோனியாவாக மாற்றும். பிடித்தவுடன் பனிக்கட்டியில் போட்டு, சூடு ஏறாமல் சமையலறை வரை கொண்டுவந்த மீனில் அந்த நெடி வராது. நம் ஊர் கடலோரம் இல்லை. மீன் லாரியில் வந்து, சந்தையில் நின்று, பிறகுதான் கடைக்குப் போகிறது. இடையில் எங்கோ பனிக்கட்டி தீர்ந்திருக்கிறது.

முறையாகச் செய்பவர்கள் மஞ்சள் போட்டு அவித்து, தோலை உரித்து, தண்ணீரைப் பிழிந்து உதிர்த்த பிறகுதான் வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாயோடு கிளறுவார்கள். லேசான வாடை அதில் போய்விடும். அத்தனைக்கும் பிறகு கண்ணில் நீர் வரும் அளவுக்கு நெடி இருந்தால் சாப்பிடாமல் திருப்பிக் கொடுங்கள்.

கானாங்கெளுத்தி, சூரை, வஞ்சிரம் ஆகியவை வேறு ரகம். சூட்டில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் சேரும். வாடை காட்டிக்கொடுக்காது, பொரித்தாலும் கொதித்தாலும் அது அழியாது. வாயில் வைத்ததும் மிளகு கடித்ததுபோல் சுருக்கென்று குத்தினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். முகம் சிவந்து தலை வலித்தால் உடனே கிளினிக் போக வேண்டும்.

பத்து மேசை உள்ள கடையில் சாப்பிட்டோம். ரசீதில் 6% வரி, 10% சேவைக் கட்டணம் இரண்டும் போட்டிருந்தார்கள். கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?
— தொழிற்சாலை ஊழியர், சுங்கை சிப்புட்

இரண்டும் வேறு வேறு. 6% என்பது அரசாங்கத்தின் சேவை வரி. 2024 மார்ச்சில் பல சேவைகளுக்கு அது 8% ஆனபோதும் உணவு, பானத்துக்கு 6% ஆகவே இருந்தது. ஆனால் பன்னிரண்டு மாத விற்பனை 15 லட்சம் மலேசிய வெள்ளியைத் தாண்டும் கடைதான் சுங்கத்துறையில் பதிந்து இந்த வரியை வாங்க வேண்டும். நாளொன்றுக்குக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 4,100 வெள்ளி வியாபாரம். ஒரே நிறுவனம் பல கிளை நடத்தினால் எல்லாம் சேர்ந்து அந்த அளவைத் தாண்டலாம். பத்து மேசை உள்ள தனிக்கடைக்கு அது எளிதல்ல. ரசீதில் சேவை வரிப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணைச் சுங்கத்துறையின் மைஎஸ்எஸ்டி இணையத்தளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். பதிவு இல்லாத கடை வரி என்று ஒரு காசுகூட வாங்க முடியாது.

10% சேவைக் கட்டணம் கடையின் சொந்த வசூல், அரசாங்கத்துக்குப் போவதில்லை. வாங்குவதானால் உட்காருமுன் கண்ணில் படும்படி எழுதி ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டாத கடையில் அதைக் கழித்துக் கொடுங்கள் என்று கேட்பது உங்கள் உரிமை.

விலைப் பட்டியல் வைப்பது சட்டப்படி கட்டாயம். வைக்காத கடை பற்றி உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் புகார் செய்யலாம். மீன் தலைக்கறி, பெரிய இறால், நண்டு ஆகிய மூன்றுக்கும் தட்டில் விழுமுன் விலை கேட்டுவிடுங்கள். சச்சரவில் பெரும்பாலானவை இந்த மூன்றில்தான் வருகின்றன.

ஆட்டுக்கறிப் பெரட்டல் சிறிய தட்டு 15 வெள்ளிக்கு மேல் விற்கிறார்கள். பாதி எலும்பு, மீதி கடிக்க முடியாத சதை. இது நியாயமா?
— ஓய்வுபெற்ற கிராணி (எழுத்தர்), ஹீவுட் தோட்டம்

விலை ஒரு கேள்வி, பக்குவம் இன்னொரு கேள்வி ஐயா. விலையை முதலில் பார்ப்போம். இறைச்சி வெந்தால் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும். எலும்போடு ஒரு கிலோ போட்டால் வெந்த கறி 650 கிராம் வாக்கில் நிற்கும். மதியச் சாப்பாட்டுக்குத் தாராளமாக வைத்தால் ஐந்து பங்கு, கையைச் சுருக்கினால் ஏழு. கிலோ என்ன விலை என்று சந்தையில் கேட்டு ஐந்தால் வகுங்கள். வந்த தொகையைப் போல் இரு மடங்கு வரை கடை கேட்டால் நியாயம், ஏனென்றால் கேஸ், கூலி, வாடகை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். குறைந்தபட்சச் சம்பளமும் 2025 முதல் 1,700 வெள்ளி ஆகிவிட்டது. மூன்று மடங்கைத் தாண்டினால் விலை கூடுதல்தான்.

பக்குவத்துக்கு வருவோம். பெரும்பாலான கடைகளில் போடுவது இறக்குமதியான, உறையவைத்த செம்மறி இறைச்சி. அதில் குற்றமில்லை. அவசரத்துக்குச் சுடுநீரில் போட்டு உருக்குவதுதான் குற்றம். சாறு வெளியேறி நார் மட்டும் மிஞ்சும். முதல் நாளே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளக்கி, தோள், தொடைப் பகுதியை ஒன்றரை இரண்டு மணி நேரம் மிதமான தீயில் வேகவிட்டால் எலும்பை ஒட்டிய சவ்வு கரைந்து மசாலாவோடு சேரும். பெரட்டலுக்கு வழவழப்பு தருவது அந்தச் சவ்வுதான், எண்ணெய் அல்ல.

துண்டின் வெளிப்புறம் மாவு போல் குழைந்து, உள்ளே நார் கடினமாக இருந்தால் பப்பாளிக்காயை அதிகம் தடவி வேகும் நேரத்தைக் குறைத்திருக்கிறார்கள். முழுதும் வறண்டு நூல்நூலாக வந்தால் பலமுறை சூடுகாட்டியது. இரண்டுக்கும் 15 வெள்ளி அதிகம். மெதுவாக வெந்த கறிக்கு அந்த விலை கொடுக்கலாம் என்பதே எங்கள் எண்ணம்.

காலை 5.30க்குப் பட்டணத்தில் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலம் வாங்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறோம். பசியாறும்போது பத்தரை ஆகிவிடுகிறது. சில நாள் வயிற்றைக் கலக்குகிறது. கடை மோசமா?
— செம்பனைக் குலை அறுப்பவர், எல்பில் தோட்டம்

கடையைக் குறை சொல்லுமுன் நேரத்தைக் கணக்கிடுங்கள் தம்பி. நீங்கள் 5.30க்கு வாங்கினாலும் சோறு மூன்று மணிக்கோ நான்கு மணிக்கோ வடிந்திருக்கும். பத்தரைக்குள் ஆறரை, ஏழரை மணி நேரம் ஆகிறது. சமைத்த சோறு சூடு இறங்கிய நிலையில் நான்கு மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது. தேங்காய்ப்பால் சேர்ந்தது என்றால் இன்னும் சீக்கிரம் கெடும். சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமி விடும் நச்சு மறுபடி சூடுபண்ணினாலும் போகாது. சாப்பிட்ட ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி எடுப்பது இதனால்தான். வாடை வந்தால் தூக்கிப் போடலாம் என்று காத்திருக்க வேண்டாம், வாடை வருமுன்பே நச்சு சேர்ந்துவிடும்.

ஆவி பறக்கும் சோற்றை அப்படியே இலையில் சுருட்டிக் காகிதத்தில் கட்டினால் ஆவி உள்ளேயே நீராகிச் சோற்றை நனைத்துவிடும். ஐந்து நிமிடம் ஆறவிட்டுக் கட்டும் கடையில் வாங்குங்கள். மிளகாய்ச் சம்பாலைத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள். பொட்டலத்தை மோட்டார் சைக்கிள் கூடையில் வெயிலில் விடாமல் மர நிழலில் தொங்கவிடுங்கள்.

பத்தரை மணி வரை தாங்குவது வேறு. மிளகாய்ப் பொடி எண்ணெயில் குழைத்துத் தடவிய இட்லி, தோசை தாங்கும். சப்பாத்தியோடு தண்ணீர் இல்லாத உருளைக்கிழங்குப் பிரட்டல் தாங்கும். உரிக்காத அவித்த முட்டை தாங்கும். புளிச்சோறு எல்லாவற்றையும் விட நன்றாகத் தாங்கும், புளியும் எண்ணெயும் அதைக் காக்கும். நம் பாட்டிமார் வேலைக்காட்டுக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுத்ததில் அனுபவ அறிவு இருந்தது. நாசி லெமாக் மேல் ஆசை இருந்தால் வேலை தொடங்குமுன் ஏழு மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள்.

கடை முதலாளி எனக்கு மாமன் மகன். சில வாரங்களாகப் புளிக்குழம்பு பழைய மாதிரி இல்லை, கசக்கிறது. ஊரில் எல்லோரும் பேசுகிறார்கள், அவரிடம் யாரும் சொல்வதில்லை. எப்படிச் சொல்வது?
— பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

நீங்கள்தான் சொல்ல வேண்டும். நம் பட்டணத்தில் ஒரு கடை அதே நானூறு ஐந்நூறு குடும்பங்களை நம்பித்தான் நடக்கிறது. முகத்துக்கு நேரே "நல்லாருக்கு மச்சான்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்க் குறை பேசினால் அவர் காரணம் தெரியாமலே வாடிக்கையை இழப்பார்.

மதியக் கூட்டத்தில் சொல்லாதீர்கள். மூன்றிலிருந்து நான்கு மணிக்குள் கடை ஓய்ந்திருக்கும். வேலையாட்கள் காதில் விழாமல், குழம்பைப் பற்றி மட்டும், நாளும் நேரமும் சேர்த்துச் சொல்லுங்கள்: "மச்சான், செவ்வாய்க்கிழமை ஒரு மணிக்கு எடுத்த புளிக்குழம்பு கடைசியில் கசந்தது, தாளிப்பைக் கொஞ்சம் பாருங்க." அன்றைய குழம்பு மிச்சமிருந்தால் அவரையே ஒரு கரண்டி சுவைக்கச் சொல்லுங்கள்.

புளிக்குழம்பு கசக்கக் காரணங்கள் சிலவே. வெந்தயம் கருகுவது முதல் காரணம். எண்ணெய் புகையும்போது போட்டால் சில நொடியில் கறுத்துவிடும், அந்தக் கசப்பை வெல்லம் போட்டும் மாற்ற முடியாது. மிளகாய்த் தூளை நேரடியாகச் சூடான எண்ணெயில் கொட்டினாலும் கருகும். புளிக்கரைசலை விட்டபின் பதினைந்து இருபது நிமிடமாவது கொதிக்கவிடாமல் இறக்கினால் பச்சை வாடையும் துவர்ப்பும் நிற்கும், பலர் அதையும் கசப்பு என்பார்கள். சமையல்காரர் அண்மையில் மாறினாரா, மசாலா அரைக்கும் மில் மாறியதா என்று கேளுங்கள். இரண்டில் ஒன்று நடந்திருக்க வாய்ப்பு அதிகம். கைக்கணக்கில் போடும் கடையில் ஆள் மாறினால் சுவை மாறும். பழைய அளவை நிறுத்துப் பார்த்துக் கிராமில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டினால் அடுத்த ஆள் வந்தாலும் குழம்பு தப்பும்.

என் கடைக்கு இணையத்தில் ஒருவர் ஒரு நட்சத்திரம் போட்டு "மோசம், போகாதீர்கள்" என்று மட்டும் எழுதியிருக்கிறார். என்ன செய்வது?
— உணவகம் நடத்துபவர், சுங்கை சிப்புட்

கோபம் ஆறிய பிறகு, பணிவாக, எல்லோரும் பார்க்கும்படி பதில் எழுதுங்கள்: எந்த நாள் வந்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், எது சரியில்லை. உண்மையாகச் சாப்பிட்டவர் பதில் சொல்வார். சொன்னால் அன்றைய சமையலை விசாரித்துத் திருத்துங்கள், திருத்தியதையும் எழுதுங்கள்.

எழுதும் வாசகர்களுக்கும் சேர்த்தே சொல்கிறோம். தேதி, நேரம், உணவு, விலை, என்ன குறை, சொன்னபோது கடை என்ன செய்தது ஆகிய ஆறும் இருந்தால் ஐந்து வரி போதும். "இறால் சம்பாலில் குடல் நரம்பு எடுக்கவில்லை" என்பது கண்டதைச் சொல்வது, யாரும் சரிபார்க்கலாம். "பழைய இறாலைப் போட்டு ஏமாற்றுகிறார்கள்" என்பது குற்றச்சாட்டு. நிரூபிக்க முடியாவிட்டால் 1957ஆம் ஆண்டு அவதூறுச் சட்டம் உங்கள் பக்கம் நிற்காது.

புரட்டாசி விரதத்தில் மாமாக் கடை (இந்திய முஸ்லிம் உணவகம்) பருப்புக் குழம்பை நம்பி ரொட்டி சானாய் சாப்பிடலாமா?
— வாசகி, சுங்கை சிப்புட்

கேட்காமல் வேண்டாம். சில கடைகளில் ருசிக்காகப் பருப்பில் ஆட்டெலும்பு போடுவார்கள். இன்னும் சில கடைகளில் பருப்பில் மீன்குழம்போ கோழிக்குழம்போ கலந்து ஊற்றுவது வழக்கம். முட்டை ரொட்டி போட்ட அதே கல், அதே கரண்டி என்பதும் உண்டு. கடுமையாக விரதம் இருப்பவர்கள் தனிச் சைவக் கடைக்குப் போவதே நல்லது. மற்றவர்கள் சீனியோடு வெறும் ரொட்டி கேட்கலாம். அதிலும் ஒன்று, ரொட்டி மாவில் முட்டை சேர்க்கும் கடைகள் இருக்கின்றன, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைச் சாப்பாட்டால் குடும்பமே வயிற்றுப்போக்கில் விழுந்தது. முதலாளி மறுக்கிறார். யாரிடம் போவது?
— வாசகர், ஹீவுட் தோட்டம்

முதலில் மருத்துவரிடம். உணவு நஞ்சாதல் 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டப்படி அறிவிக்க வேண்டிய ஒன்று. மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நம் பகுதிக்குக் கோலக்கங்சார் மாவட்ட அலுவலகம். நீங்களும் நேரே தெரிவிக்கலாம். மிச்ச உணவு இருந்தால் தூக்கி எறியாமல் சுத்தமான மூடிபோட்ட பாத்திரத்தில் குளிர்பெட்டியில் வையுங்கள், உறையவைக்க வேண்டாம். ரசீதை எடுத்துவையுங்கள். கடந்த மூன்று நாளில் யார் யார் என்ன சாப்பிட்டார்கள், யாருக்கு எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று ஒரு தாளில் எழுதுங்கள். கடைசியாகச் சாப்பிட்ட கடைதான் காரணம் என்று நாம் நினைப்போம், பல கிருமிகள் ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் வேலையைக் காட்டும்.

அதிகாரிகள் வந்தால் வேலையாட்கள் உணவு கையாளும் பயிற்சிக்குப் போனார்களா, மூன்றாண்டுக்கு ஒருமுறை போட வேண்டிய டைபாய்டு தடுப்பூசி போட்டார்களா என்று பார்ப்பார்கள். சுத்தம் மிக மோசம் என்றால் 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின் 11வது பிரிவின்படி 14 நாள் வரை கடையை மூடலாம். மருத்துவச் செலவைத் திரும்பப் பெறுவது தனி விவகாரம், அதற்கு ஆதாரம் பலமாக வேண்டும்.

குறையே எழுதுகிறீர்கள். நம் ஊர்க் கடைகளில் நல்லது என்று சொல்ல ஒன்றுமில்லையா?
— வாசகர், லாசா சாலை

நிறைய இருக்கிறது. மாலை நான்கு மணி ஒட்டுக்கடை வடையைப் பேரங்காடிகளில் தேடினாலும் கிடைக்காது. உளுந்தை இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஊறவிடாமல், தண்ணீரைக் கையளவு தெளித்து ஆட்டி, எண்ணெய் சரியாகக் காய்ந்த பிறகு தட்டிப்போடுகிறார்கள். அதனால்தான் காகிதத்தில் எண்ணெய் ஒட்டுவதில்லை. மாவு இளகினாலோ எண்ணெய் காயாமல் இருந்தாலோ வடை எண்ணெயைக் குடித்துவிடும்.

காலை ரொட்டி சானாயும் அப்படியே. ரொட்டி சானாய், நாசி லெமாக், தே தாரேக் ஆகியவற்றைக் கொண்ட மலேசியக் காலை உணவுப் பண்பாட்டை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம் பட்டணத்தில் இன்றும் முதல் நாள் இரவே மாவு பிசைந்து, உருண்டை பிடித்து, மார்ஜரின் தடவி ஊறவைக்கும் கடைகள் இருக்கின்றன. ஊறிய மாவு வீசும்போது கிழியாமல் மெல்லிய துணிபோல் விரியும். ஊறாதது சுருங்கித் தடித்து நடுவில் வேகாமல் நிற்கும். கல்லிலிருந்து எடுத்ததும் இரண்டு கையாலும் அடித்து அடுக்குகளைப் பிரிக்கிறாரா என்று பாருங்கள். இரவில் சில கடைகள் அரைவேக்காட்டில் அடுக்கிவைத்ததைச் சூடுகாட்டித் தருகின்றன. "புதுசா வீசிப் போடுங்க" என்று கேட்டால் போடுவார்கள்.

மசாலா மில்லில் அரைத்த தூள், கொல்லையில் பறித்த கறிவேப்பிலையும் முருங்கைக்கீரையும், தோட்டத்து மரவள்ளிக்கிழங்கு, நாட்டுக்கோழி, இவை நம் கடைகளுக்கு எட்டும் தூரத்தில் கிடைக்கின்றன. முருங்கைக்கீரைச் சொதி அன்றாடம் வைக்கும் கடை ஒன்றிரண்டு இன்னும் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். யாரும் கேட்காவிட்டால் அவர்களும் நிறுத்திவிட்டு ஆறாவது வகைக் கோழி வறுவலை வைத்துவிடுவார்கள்.

ஐஸ் தண்ணி குடிக்கலாமா?
— ஆறாம் வகுப்பு மாணவி, எல்பில் தோட்டம்

நடுவில் ஓட்டையுள்ள உருளை ஐஸ் என்றால் பெரும்பாலும் குடிநீரில் செய்த தொழிற்சாலை ஐஸ். பெரிய கட்டியை உடைத்த ஐஸ் மீன் வைப்பதற்கு உரியது, அதைக் குவளையில் போட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடு பாப்பா. ஐஸ் பெட்டியில் கரண்டி இருக்கிறதா, கையால் அள்ளுகிறார்களா என்றும் பார். பெட்டிக்குள் மீனோ கோழியோ புட்டியோ சேர்த்து வைத்திருந்தால் சுடச்சுடத் தே ஓ (பாலில்லாத் தேநீர்) கேள்.